காசும் தொலைவும்

செப்டம்பர் 9

ஏழைக்கு மருத்துவம் எட்டவில்லை என்றால் மருத்துவமனை தொலைவில் இருக்கிறது என்பார்கள். இல்லையேல் கையில் காசில்லை என்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவைப் பற்றிப் படிக்கப் படிக்க, இவை இரண்டும் ஒரே காரணம் என்றே எனக்குப் படுகிறது. காப்பீடு இல்லாத நோயாளிகள் மிகுந்த ஊரில், இரவும் பகலும் ஆள் வைத்து மருத்துவமனையை நடத்த வருமானம் போதாது. பல இடங்களில் முதலில் மூடப்படுவது பிரசவப் பிரிவுதான். டெல்டாவின் கிரீன்வுட் ஊரில் 2022இல் அது நடந்தது. நாடு முழுவதும் 2010க்குப் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டன, அல்லது உள்நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டன. அதன் பின் காப்பீடு வைத்திருப்பவரும் வலியோடு நெடுந்தூரம் போக வேண்டியதுதான்.

செப்டம்பர் 10

அதே டெல்டாவின் பொலிவர் கவுன்டியில் உள்ள மவுண்ட் பயூ, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1887இல் நிறுவிய ஊர். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடும் மத்திய அரசின் வறுமை ஒழிப்பு நிதியோடும் 1967இல் அங்கே ஒரு நலவாழ்வு மையம் தொடங்கியது. மருத்துவர் ஜாக் கைகரும் சமூகப் பணியாளர் ஜான் ஹாட்சும் அதன் முன்னோடிகள். பசியால் மெலிந்த குழந்தைகளுக்கு அங்கே மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்தார்கள். உள்ளூர்க் கடைகள் பொருளைக் கொடுத்துவிட்டு மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து பணம் பெற்றன. அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருத்துவ நூல் சொல்லும் சிகிச்சை உணவுதானே என்று கைகர் திருப்பிக் கேட்டார். கிணறும் கழிப்பறையும் அமைத்தார்கள். கூட்டுறவுப் பண்ணையில் காய்கறி விளைவித்தார்கள். மருத்துவம் என்பதன் எல்லையை இவ்வளவு நேர்மையாக விரித்தவர்கள் குறைவு. அந்த மையம் இன்றும் இயங்குகிறது. அதன் வழிவந்த மையங்கள் நாடெங்கும் ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்டோருக்கு வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் மருத்துவம் பார்க்கின்றன. இவை இருக்கும்போது காப்பீடு எதற்கு என்று கேட்கிறார்கள். சர்க்கரை நோயை மையத்திலேயே கவனிக்கலாம். குடலில் கட்டி என்று சந்தேகம் வந்தால்? பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே காப்பீடு கேட்பார்கள்.

செப்டம்பர் 12

வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானமுள்ள பெரியவர்களுக்கு ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை விரிப்பது, 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது, மிசிசிப்பி ஏற்கவில்லை. தனியார் காப்பீட்டுக்கான மானியமோ வறுமைக்கோட்டில்தான் தொடங்குகிறது. ஆகவே அதற்கும் கீழே இருக்கும், பிள்ளைகளோ உடற்குறையோ இல்லாத ஒருவருக்கு இரண்டும் இல்லை. அவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பவருக்கு உதவி உண்டு. இதை எந்தக் கணக்கிலும் நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மாநிலத்துக்குச் செலவு என்கிறார்கள்; விரிவாக்கச் செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்கிறது. அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்கிறார்கள். அது உயிராபத்தைத் தணிக்கும் வரைக்கும்தான், அடுத்த மாத இன்சுலினுக்கு அல்ல. பில்லும் வீடு தேடி வரும். வேலை செய்யட்டும் என்பது இன்னொரு வாதம். இந்த இடைவெளியில் சிக்கியவர்களில் பலர் வேலை செய்பவர்களே: கெளுத்தி மீன் ஆலைகளிலும் கடைகளிலும், காப்பீடு தராத முதலாளிகளிடம். 2024இல் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் விரிவாக்க மசோதாவைத் தனித்தனி வடிவங்களில் நிறைவேற்றின. வேலை நிபந்தனையில் இழுபறியாகி, கடைசியில் எதுவும் சட்டமாகவில்லை. நோயைக் கட்டுக்குள் வைத்தால்தானே ஒருவர் நாள் தவறாமல் வேலைக்குப் போவார்? நிபந்தனையைத் தள்ளிவைத்து அந்த மசோதாவை மறுபடி எடுக்க வேண்டும், அடுத்த பிரசவப் பிரிவு மூடப்படுவதற்குள்.