ஈயக் குட்டையும் பால்மரக் காடும்

மலேசியா போய் வந்த யாரிடம் பேசினாலும் ஒரு பேச்சு கட்டாயம் வந்துவிடும். "சீனனும் அங்க கூலியாத்தான் போனான், நம்மாளும் கூலியாத்தான் போனான். இன்னிக்கு அவன் எங்க இருக்கான், இவன் எங்க இருக்கான்?" கேட்பவருக்கே பதிலும் தெரியும். சீனன் சிக்கனம், நம்மாள் குடி. சீனனுக்குள் ஒற்றுமை, நமக்குள் பொறாமை. சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மேடையில் கேட்டிருக்கிறேன். மலேசியத் தமிழர்களே சொல்லியும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தமுறை கோலாலம்பூரில் தங்காமல் பேராக் மாநிலத்துக்கு ரயிலேறினேன். சீனரைக் கொண்டுவந்த ஈயமும் தமிழரைக் கொண்டுவந்த ரப்பரும் அங்கே ஒரே வட்டாரத்தில், கார் எடுத்தால் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன.

ஈப்போ வரை ஜன்னலில் பெரும்பாலும் எண்ணெய்க்கான செம்பனைதான். ரப்பர் தரும் பால்மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈப்போ நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் குன்றுகள் திடீர் திடீரென்று எழுகின்றன. நடுநடுவே தெளிந்த நீருடன் பெரிய பெரிய குட்டைகள். ஏரி என்று நினைக்கத் தோன்றும். எல்லாம் ஈயம் தோண்டிய பள்ளங்கள்.

பழைய ஈப்போவில் ஹான் சின் பெட் சூ என்ற கட்டடம் இருக்கிறது. ஹக்கா என்ற சீனப் பிரிவைச் சேர்ந்த சுரங்க முதலாளிகள் 1893இல் தொடங்கிய மன்றம், இப்போது அருங்காட்சியகம். தொடங்கிவைத்த லியோங் ஃபீ, சீனாவிலிருந்து வெறுங்கையோடு வந்து பெரும் சுரங்க முதலாளியானவர். உள்ளே அபினி, சூதாட்டம், விபசாரம், ரகசியக் கும்பல் ஆகிய நான்கையும் மறைக்காமல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். படுத்தபடி அபினி புகைக்கும் பலகைக் கட்டிலின் முன் வெகுநேரம் நின்றேன். சீனக் கூலியும் கப்பல் கட்டணக் கடனோடுதான் இறங்கினான். கூலியில் நல்லதொரு பங்கு அபினிக்கும் சூதுக்கும் போனது. அந்த அபினியை விற்றவனும் பெரும்பாலும் அவனுடைய தவுக்கே, அதாவது முதலாளிதான். ஆக, குடியும் போதையும் ஒரு சமூகத்துக்கு மட்டும் வாய்த்த குணம் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. பேராக்கின் லாருட் சுரங்கங்களுக்காக இரண்டு சீனக் கும்பல்கள் 1861 முதல் 1874 வரை வெட்டிக்கொண்டு மடிந்தன. அந்தச் சண்டையைச் சாக்காக வைத்துத்தான் பங்கோர் ஒப்பந்தம் போட்டு பிரிட்டிஷார் பேராக்குக்குள் காலூன்றினார்கள். ஒற்றுமைக் கதையும் அவ்வளவு நேரானதல்ல.

பின் வேறுபாடு எங்கே? சீனக் கூலிக்குக் கடன் கொடுத்தவன் அவன் பாஷை பேசுகிறவன், பல நேரங்களில் அவன் ஊர்க்காரன். சுரண்டினான், உண்மை. ஆனால் கடன் தீர்ந்ததும் கூலி சுரங்கத்தை விட்டு நடந்து வெளியே போகலாம். வெளியே ஒரு நகரம் இருந்தது. அந்த நகரத்தில் கடை, மருந்து, அடகு, சங்கம், இடுகாடு எல்லாமே அவன் பாஷையில் இருந்தன. ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங்கில் சுரங்கத் தொழிலாளருக்காக 1879இல் ஒரு சிறு மருந்துக்கடை திறக்கப்பட்டது. இன்று பல நாடுகளில் கிளை விரித்திருக்கும் யூ யான் சாங் அதுதான். கூலிகளின் நோயே இன்னொரு சீனருக்குத் தொழிலாகி, அங்கே வேலைக்குப் போன பையன் நாளை தனிக்கடை வைக்க வழியாயிற்று.

பத்து காஜா பக்கம் போனால் கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்டத் துரை கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் முடியாமல் நின்றுபோன கட்டடம். சுற்றுலா பஸ்கள் அங்கே வரிசைகட்டி நிற்கும். நான் பார்க்கப் போனது சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலை. மாளிகை வேலையில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் கொள்ளைநோயில் கொத்துக்கொத்தாய்ச் சாக, கோயில் கட்டித்தர வேண்டும் என்று துரையிடம் கேட்டார்கள். அவரும் சம்மதித்தார் என்பது அங்கே வழங்கும் செய்தி. கோயில் கூரையில் சாமி சிலைகளின் வரிசையில் மேல்நாட்டு உடுப்புடன் ஓர் ஆளும் நிற்கிறார். கெல்லி துரைதான்.

நன்றி மறவாத மனிதர்கள் என்று பூசாரி பெருமையாகச் சொன்னார். எனக்கு மனம் கனத்துவிட்டது. சாவுக்குப் பயந்து கோயில் கட்டிக்கொள்ளவும் துரையின் அனுமதி வேண்டியிருந்திருக்கிறது. தோட்டத்தின் அமைப்பே அதுதான். தொழிலாளர் குடியிருந்த வரிசைவீடான லயம் துரையுடையது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள். ஊரிலிருந்து கூட்டிவந்த கங்காணியே வேலையிலும் மேலாள், பல தோட்டங்களில் மளிகைக் கடையும் அவனுடையது. கிராணி என்ற எழுத்தர் வேலைக்கு மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் வந்தார்கள். தமிழ்க் கூலி வெளியே நடந்துபோனால் சேர்வதற்கு அவனுக்கென்று ஒரு நகரம் இல்லை.

தமிழ் முதலாளிகளே இல்லையா என்றால், இருந்தார்கள். நகரத்தார் மலாயாவில் பெரும் பணத்தைப் புழக்கத்தில் விட்டவர்கள். ஈயச் சுரங்கம் நடத்திய சீனர்களில் பலர் செட்டியாரிடம் கடன் வாங்கியவர்களே. அந்தப் பணம் ஈப்போவிலிருந்து காரைக்குடிக்குப் போயிற்று, தோட்டத்து லயத்துக்கு வரவில்லை. லயத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சாதியார். தமிழ்ப் பணமும் தமிழ் உழைப்பும் அந்த மண்ணில் ஒன்றையொன்று தொடாமலே இருந்திருக்கின்றன. 'ஒற்றுமையில்லை' என்பவர்கள் இதைச் சொல்வார்களானால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அதற்கு லயத்துக்காரன் பொறுப்பாளி ஆகமாட்டான்.

அவன் சும்மாவும் இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே என்பவை அவர்களுடைய கோரிக்கைகளில் சில. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் தொழிலாளர்களே என்பதைக் கவனியுங்கள். பட்டாளம் வந்து சுட்டது. தலைவர் ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட். 1948 ஜூனில் இங்கே ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மூவர் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயா முழுதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போய்ச் சேராதிருக்க, காட்டோரம் குடிசை போட்டிருந்தவர்களை, பெரும்பாலும் சீனர்களை, ஐந்து லட்சம் பேர் அளவில் பெயர்த்து, முள்வேலி போட்ட 450க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள், இரவில் வெளியே தலைகாட்ட முடியாது. கொடுமைதான். அதே காலத்தில் தோட்டத் தமிழர்களையும் லயங்களை நெருக்கி, வேலி போட்டு வைத்தார்கள். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வேலி எடுக்கப்பட்டபோது புதுக்கிராமத்துச் சீனருக்குக் குத்தகையாகவாவது ஒரு மனைத்துண்டு கையில் நின்றது. அந்த வீட்டு முன்னறை தையற்கடை ஆயிற்று, சைக்கிள் கடை ஆயிற்று. தமிழர் இருந்த இடம் அப்போதும் கம்பெனி நிலம்தான்.

சுங்கை சிப்புட்டில் ஓர் அம்மாவின் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். எழுபது தாண்டியவர். மலிவுவிலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது. "ஊர்லேர்ந்தா வந்தீங்க தம்பி?" என்று கேட்டு, கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவது, மழை பெய்தால் அன்றைக்குக் கூலி இல்லை என்பது எல்லாம் சொன்னார். உளியைப் பிடிக்கும் விதத்தை விரலாலேயே காட்டினார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாய்ப் போனாலும் மரத்துக்குக் காயம், கிராணி கூலியைக் குறைப்பான். வலது கட்டைவிரலின் அடியில் தோல் இன்னும் கெட்டியாக இருந்தது. தோட்டம் கைமாறியபோது கொஞ்சம் நட்டஈடு கொடுத்து லயத்தைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். "அத வீடுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம் தம்பி. அது வீடு இல்ல, வேல. வேல போச்சு, வீடும் போச்சு. மாடு ரெண்டு வச்சிருந்தேன், கொல்லையில முருங்க இருந்துச்சு. இங்க மூணாவது மாடியில எங்க வைக்கிறது?"

ஈப்போவில் கோப்பிக் கடையொன்றில் பேசிக்கொண்டிருந்த சீன முதியவரின் குடும்பத்துக்கும் ஏறக்குறைய அதே அடிதான் விழுந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து, ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவருடைய தாய் இடுப்பளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் ஈயம் அரித்தவர். சுரங்கம் மூடியதும் முதியவரின் தம்பி சிங்கப்பூர் போனார். முதியவர் தாய்மாமன் கடையில் வாகன உதிரிபாகம் விற்கக் கற்றுக்கொண்டார். தங்கை மகன் சீனத் தனியார் பள்ளியில் படித்து தைவானில் பட்டம் வாங்கினான். ஒரு கதவு மூடியபோது தட்டுவதற்கு அவர்களுக்கு மூன்று கதவுகள் இருந்தன. ஈயம் சரிந்த அடுத்த ஆண்டே 24 வைப்புநிதிக் கூட்டுறவுச் சங்கங்கள் முடங்கி, ஏராளமான சீனக் குடும்பங்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. அதையும் தாங்கினார்கள். தமிழர்கள் பணம் திரட்டித் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் நொடித்தபோது, பங்கு வாங்கியிருந்த எளிய குடும்பங்களுக்கு இன்னொரு முதலீடு இருக்கவில்லை.

தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டு, தமிழர்கள் வெளியேற்றப்படுவதை முன்கூட்டியே உணர்ந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன். 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. கூலிக்காரன் தோட்டத்தில் பங்குதாரன் ஆனான். மலேசியத் தமிழர் வரலாற்றில் இதைவிடச் சரியான சிந்தனை இன்னொன்று இல்லை என்பது என் முடிவு. ஆனால் ஒரு சங்கம் எத்தனை தோட்டத்தைத்தான் வாங்கும்? 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சட்டம் கடுமையாக்கப்பட, சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை மலாய்க்காரரைக் கைதூக்கிவிட்டது. அது சீனரை நெருக்கியது. ஆனால் சொந்தத் தொழில் உள்ளவர்களுக்கு அரசாங்க வேலை கிடைக்காதது ஒரு குறை மட்டுமே. ரயில்வே, பொதுப்பணி என்று அரசாங்கத்தையே நம்பியிருந்த தமிழருக்கு அது வயிற்றிலடித்தது.

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடும்ப மாத வருமானத்தின் இடைநிலை அளவு சீனருக்கு 7,391 ரிங்கிட், இந்தியருக்கு 5,981, மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்திராக்களுக்கு 5,420. பார்த்தால் இந்தியர் நடுவில், பரவாயில்லை என்று தோன்றும். இடைநிலை அளவு நடுவில் நிற்கும் குடும்பத்தைத்தான் காட்டும், அதற்குக் கீழே நிற்பவர்கள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. மூன்றாவது மாடி அம்மா அதற்குள் மறைந்துபோகிறார். சீனரிலும் ஏழைகள் உண்டு. ஈப்போ சந்தையில் அட்டைப்பெட்டி பொறுக்கும் சீனப் பாட்டியை நான் பார்த்தேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈப்போவின் புந்தோங்கில் தென்மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் முறுக்கும் பக்கோடாவும் கடலையும் வறுத்து, கச்சாங் பூத்தே என்று நாடெங்கும் பெயர் வாங்கியிருக்கின்றன. தோட்டத்துக்கு வெளியே, சொந்த அடுப்போடு நின்ற தமிழர் தொழில் செய்துதான் காட்டியிருக்கிறார்.

படிப்பில்தான் இடைவெளி எனக்கு மிகவும் உறுத்தியது. இரு மொழிக்கும் அரசு ஆரம்பப் பள்ளிகள் உண்டு. சீனத்துக்கு சுமார் 1,300, தமிழுக்கு 500க்குச் சற்று மேல். அதன்பின் சீனருக்கு, அவர்கள் பணத்திலேயே நடக்கும் 60 தனியார் இடைநிலைப் பள்ளிகள் இருக்கின்றன. 1960களில் அரசு மானியம் வேண்டுமானால் சீனவழிக் கல்வியை விடு என்றபோது, மானியத்தை விட்டவர்களும் அவர்களில் உண்டு. தமிழ்வழி இடைநிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லை. தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்துக் குழந்தைகளுக்காகத் தோட்ட நிலத்தில் தொடங்கியவை. தோட்டம் போனபோது பள்ளியின் இடமும் ஆட்டம் கண்டது. கம்பாரில் ஈயக் குட்டைகளின் கரையில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தைக் கட்டியிருக்கிறார்கள். சீன சமூகத்தின் முயற்சியில் 2002இல் உருவானது. குட்டையின் நீர் நூலகத்துப் பக்கம் வரை தெரிகிறது. தமிழர் முயற்சியில் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அதற்கு ஓராண்டு முன்பே வந்தது. ஆகவே முயலவில்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்துமலையோடும் இரட்டைக் கோபுரத்தோடும் திரும்பிவிடாதீர்கள். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ ரயிலில் இரண்டரை மணி நேரம்தான், அங்கிருந்து சுங்கை சிப்புட் அரைமணி நேரம். தோட்டத்தில் வேலை பார்த்த யாராவது ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குள் போய் என்ன தேவை என்று கேளுங்கள். பிறகு ஊருக்கு வந்து, சீனனையும் நம்மாளையும் ஒப்பிட்டு யாராவது சிரிக்கும்போது, நீங்கள் பார்த்ததை அவர்களிடம் சொல்லுங்கள்.