அம்மாவுக்கு ஒரு மீட்டர் துணி

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம் வகுப்பில் ஆளாளுக்குக் காதல், வேலையில்லாத் திண்டாட்டம், கம்ப்யூட்டர் என்று தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ஏப்ரன்! சிரிக்காதீர்கள். டெக்ஸ்டைல் டிப்ளமோவில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு மீட்டர் துணிக்குள்தான் இருக்கிறது.

எனக்கு ஊர் கரூர். பெட்ஷீட், மேஜை விரிப்பு, அடுப்படித் துண்டு, ஏப்ரன் எல்லாம் இங்கிருந்து கப்பலேறிப் போகின்றன. எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரர் முட்டை பொரிக்க நாம் ஏப்ரன் தைக்கிறோம். ஆனால் இதே ஊரில் கல்யாணச் சமையலுக்குப் போகிற என் அம்மா ஏப்ரனைக் கட்டிப் பார்த்ததே இல்லை.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு முகூர்த்த நாள். விடியற்காலை நாலு மணிக்கு வடை போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முந்தானை அடுப்பில் பட்டுவிட்டது. பாலியஸ்டர் புடவை. பக்கத்தில் இருந்த அக்கா ஒரு குடம் தண்ணீரை அப்படியே ஊற்றியதால் உயிர் தப்பியது. ஆனால் உருகிய துணி இடுப்போரம் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காயம் ஆற ஒன்றரை மாதம். தழும்பு இன்னும் இருக்கிறது.

"ஏம்மா, காட்டன் புடவை கட்டக் கூடாதா?" என்று கோபப்பட்டேன். "காட்டனுக்குக் கஞ்சி போடோணும், இஸ்திரி போடோணும். இதுன்னா ராத்திரி அலசிப் போட்டா காலைல காஞ்சிரும் கண்ணு" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. தினமும் வேலைக்குப் போகிறவர் கணக்கு அது. சரி, புடவையை மாற்ற முடியாது, மேலே ஒரு ஏப்ரனாவது தைத்துக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் ஐயா கோட்டை விட்டார்! கட் பீஸ் கடைக்குப் போனேன். பூப்போட்ட துணி, வழவழவென்று மடிப்பே விழாமல் இருந்தது. "காட்டன்தானுங்களே?" என்றேன். "சுத்தக் காட்டன் தம்பி" என்றார் கடைக்காரர். டெக்ஸ்டைல் மாணவன், ஒரு நூலைக்கூட உருவிப் பார்க்காமல் வாங்கி, இரவோடு இரவாகத் தைத்துக் கொடுத்தேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வேலை செய்யும் எல்லோரிடமும் காட்டினாராம்.

மறுநாள் லேபில் நார் கண்டறியும் பிராக்டிகல். பையில் அந்தத் துணியின் வெட்டுத்துண்டு கிடந்தது. வேடிக்கையாக நூலை உருவி நெருப்பில் காட்டினேன். சுத்தப் பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், தொட்டால் உதிர்கிற சாம்பல் மிஞ்சும். எனக்கோ சுருங்கி, கறும்புகை விட்டு, நுனியில் கெட்டியாக ஒரு கறுப்பு மணி! பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் தனித்தனியே பார்த்தேன். இரண்டிலும் மணி. பாலியஸ்டர் கலந்த துணி. பாலியஸ்டர் ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸில் உருகும். பருத்தி உருகவே உருகாது.

சாரிடம் சொல்லிவிட்டு மண்டபத்துக்கு ஓடினேன். அம்மா அந்த ஏப்ரனோடு அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அவுரும்மா மொதல்ல!" என்றேன். "என்ன சாமி, நேத்துத்தான் கட்டுன்னே, இன்னிக்கு அவுருங்கறே?" விஷயத்தைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "படிச்சவன் நீ சொன்னீன்னுதான நம்பிக் கட்டுனேன்" என்றார். அவ்வளவுதான். அரியர் விழுந்தபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

அப்புறம்தான் ஒழுங்காக வேலையைத் தொடங்கினேன். மூன்று பருத்தித் துணிகள். மூன்றையும் எரித்துப் பார்த்து, பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நிறுத்து, நூறால் பெருக்கினேன். அதுதான் நம் ஜி.எஸ்.எம். காடா 130, டிரில் 240, டெனிம் 350.

காடா லேசு, ஆனால் எண்ணெய் தெறித்தால் உடனே உள்ளே இறங்கியது. அதோடு, மெழுகும் நூல் கஞ்சியும் நீங்காத புதுக் காடா தண்ணீரையும் உறிஞ்சாது. சலவைச் சோடா போட்டு வேகவைத்த பிறகுதான் உறிஞ்சும். டெனிம் கெட்டி. ஆனால் கோட்டை அடுப்பு முன்னால் ஒரு மணி நேரம் நின்ற அம்மா, "இது ஏப்ரனில்ல கண்ணு, கம்பளி" என்றார். மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயவில்லை. டிரில்தான் நின்றது. சாய்வரி நெசவு, நெருக்கமான நூல், வளைந்து கொடுக்கும், துவைத்தால் அழுக்கு போகும்.

வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்தேன். 50 சென்டிமீட்டருக்குப் போட்ட குறி 47 ஆகியிருந்தது. ஆறு சதவீதச் சுருக்கம்! நனைக்காமல் தைத்திருந்தால் ஏப்ரன் முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கும். தைத்ததும் பருத்தி நூலில்தான். பின்னால் நாடாவை ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்கு முடிச்சாகப் போடச் சொன்னேன். தீப்பிடித்தாலோ கொதிக்கிற எண்ணெய் கொட்டினாலோ ஒரு நொடியில் கழற்ற வேண்டும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பருத்தியும் எரியும், அது கவசம் அல்ல. கனமாக, நெருக்கமாக நெய்த துணி கொஞ்சம் நிதானமாகப் பற்றும், உருகி ஒட்டாது. நமக்குக் கிடைப்பது அந்தச் சில நொடிகள்தான். ஈரமான ஏப்ரன் நுனியால் சூடான அண்டாவைப் பிடிக்காதீர்கள், ஈரம் சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திவிடும். சுட்டுவிட்டால் இங்க், பேஸ்ட் எல்லாம் வேண்டாம், இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

டிரில் ஏப்ரன் கட்டி ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் அம்மா, "இன்னும் மூணு தைச்சுக் குடு சாமி. கூட நிக்கறவங்களுக்கும் நெருப்பு ஒண்ணுதான?" என்றார். துணி எடுக்க இருவரும் போனோம். கடைக்காரர் வழக்கம்போல "சுத்தக் காட்டனுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, "தம்பி, தீப்பெட்டி இருந்தா குடுங்க, வாசல்ல வெச்சுப் பாத்துக்கறேன்" என்றார்.

நண்பர்களே, எனக்கு அன்றைக்கே டிப்ளமோ கிடைத்துவிட்டது!

— மூன்றாம் ஆண்டு, ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு மாணவன்