பெயர் இருந்த இடம்

நண்பர் இறந்து ஏழு மாதம் கழித்து, அவருடைய லேப்டாப்பை அவர் மனைவி என்னிடம் கொடுத்தார். கவிதைகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன, தொகுப்பு போடுவதானால் போடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து திறந்தேன். கறுப்புத் திரை. அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு சொல், பக்கத்தில் துடித்துக்கொண்டு ஒரு கோடு. லினக்ஸ் தன் ஹார்டு டிஸ்க்கை அடைவதற்கு முன் நினைவகத்தில் போட்டுக்கொள்ளும் தற்காலிகத் திண்ணை அது. உள்ளே போக முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மேலே ஒரு வரி, எஃப்எஸ்சிகேயை நீங்களே ஓட்டுங்கள் என்றது.

1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த இந்த லினக்ஸ், நண்பருக்கு ஒரு பிடிவாதம். ஒரு முதலாளிக்குச் சொந்தமில்லாத எதன்மீதும் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு.

அக்கா மகனுக்கு போன் செய்தேன். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். "டிஸ்க் போயிட்டிருக்கு மாமா. அது எதைக் கேட்டாலும் ஒய் அழுத்திடாதீங்க. ரிப்பேர் பண்றதுன்னா மேல எழுதுறதுதான். முதல்ல பிரதி எடுங்க." எந்த விமர்சகரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பென்டிரைவில் வேறொரு லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. இரண்டு இரவுகள். பிறகு பிரதியின்மேல் எஃப்எஸ்சிகே. கவிதைகள் இருந்த ஃபோல்டர் இல்லை. லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற இடத்தில் 43 ஃபைல்கள் கிடந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

யூனிக்ஸ் வழி வந்த இந்த ஏற்பாட்டில் ஃபைலுக்குத் தன் பெயர் தெரியாது. அதன் அளவு, உடையவர், கடைசியாகத் திருத்திய நேரம், டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோட் என்ற குறிப்பில் இருக்கும். பெயர் மட்டும் ஃபோல்டரில். அந்தக் கட்டம் பழுதானால் உடல் பிழைக்கும், பெயர் போய்விடும். அநாதைகளை எஃப்எஸ்சிகே ஐநோட் எண்ணாலேயே அழைக்கிறது.

நண்பர் கவிதைக்கு மேலே தலைப்பு எழுதமாட்டார். ஃபைலின் பெயர்தான் தலைப்பு. தலைப்பு கவிதைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு தலைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். நான் அதைக் கேலி செய்து எழுதியும் இருக்கிறேன். ஏற்கெனவே பிரசுரமான ஆறுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. மீதி 37. நேரங்கள் அழியாததால் வரிசைப்படுத்த முடிந்தது. கடைசிக் கவிதையை இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, விடிகாலை மூன்று மணிக்குத் திருத்தியிருக்கிறார்.

"நீங்களே தலைப்பு வச்சிடுங்களேன், அவர் மனசு உங்களுக்குத் தெரியாததா?" என்றார் அவர் மனைவி. இரண்டுக்கு வைத்துப் பார்த்தேன். கெட்டிக்காரத்தனமாக இருந்தன. அடித்துவிட்டேன்.

டி.டி.பி. செய்கிற பெண் நேற்று போன் செய்தாள். முதல் கவிதைக்கு மேலே 131087 என்று இருக்கிறதே, எடுத்துவிடலாமா சார் என்றாள். இந்த வாரம் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.