தியத்தலாவைக் கைதி

தியத்தலாவைப் புகையிரத நிலையத்தில் நாம் இறங்கியபோது மலைச்சரிவெங்கும் பனிமூட்டம். 1900ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்கியோர் உல்லாசப் பயணிகள் அல்லர். தென்னாபிரிக்கப் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட போயர்கள். ஒல்லாந்தர் வழிவந்த குடியானவர்களான இவர்கள், சீருடை ஏதுமின்றித் தத்தம் குதிரையேறித் துப்பாக்கியுடன் போருக்குப் புறப்பட்டவர்கள். ஏறக்குறைய 5,000 பேர் இலங்கைக்குக் கொணரப்பட்டனர். தகரக் கொட்டகை, சுற்றிலும் முள்வேலி. குதிரையிழந்த குதிரைவீரனுக்கு ஒரு பகற்பொழுது எவ்வளவு நீண்டிருக்கும்! மரத்திலே சிற்றுருவங்கள் செதுக்கினார்கள், பத்திரிகைகூட நடத்தினார்கள்.

1902இல் போர் ஓய்ந்தது. ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் ஊர் திரும்பினர். எங்கல்பிரெக்ட் என்னும் சாதாரண வீரரோ அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறுத்தார். தாய்நாடு அவருக்கு இல்லையாயிற்று. தெற்கே கடலோரத்து அம்பாந்தோட்டையில் தங்கிய அவர், 1908இல் யால வனத்தின் முதற் காவலரானார். மன்னருக்குப் பணியாதவர் மன்னரின் மான்களைக் காத்த விந்தையை என்னென்பது!

1914இல் எம்டன் கப்பல் இந்து சமுத்திரத்தைக் கலக்கிற்று. (அப்பெயரை அறியாத தமிழர் உண்டோ?) அதற்கு இறைச்சி வழங்கினார் என்ற சந்தேகத்தில் எங்கல்பிரெக்ட் மீண்டும் சிறை புகுந்தார். குற்றம் நிரூபணமாகவில்லை, விடுதலையானார். 1922இல் காலமானார். பிரமாணத்தை மட்டும் அவர் இறுதிவரை செய்யவேயில்லை.

தியத்தலாவை இன்று இராணுவப் பாசறை. வேலிக்கு வெளியே சிறிது நேரம் நின்றுவிட்டு, பண்டாரவளைக்கு வண்டியேறினோம்.