விற்காத ஊர்

ஜப்பானின் நாகானோ மாகாணத்துத் தென்மேற்கு மூலையில், கிழக்கே கிசோ மலைத்தொடருக்கும் மேற்கே ஒன்டாகே எரிமலைக்கும் நடுவே கிசோ ஆறு ஓடுகிறது. மிகவும் குறுகலான பள்ளத்தாக்கு. ஆறு விட்டுவைத்த இடத்தில் நெடுஞ்சாலையும் ரயில் தண்டவாளமும் ஒன்றையொன்று ஒட்டியபடி போகின்றன. வீடு கட்டச் சமதரை கிடைப்பதே அரிது; வயல் குறைவு, காடு மிகுதி. இங்கே ஊர்கள் உண்டானதற்கு மண்வளம் காரணமில்லை. மலைக்குள் ஒரு வழி போனது, அந்த வழியை நம்பி ஊர்கள் வந்தன. அவற்றில் ஒன்று சுமாகோ. ஒரே தெரு, இருபுறமும் கறுத்த மரவீடுகள், பின்னால் மலை. நடப்பதற்காக உலகெங்கிலுமிருந்து ஆட்கள் தேடி வரும் ஊர் இது.

அந்த வழியின் பெயர் நாகசெண்டோ. எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, கியோத்தோவுக்கு மலைகளின் ஊடாகச் செல்லும் பெருவழி. 1600களின் தொடக்கத்தில் தொகுகாவா ஆட்சி இதை ஒழுங்குபடுத்தியது. நீளம் சுமார் 530 கிலோமீட்டர். வழிநெடுக 69 தங்கல் ஊர்கள். இதே இரு நகரங்களையும் இணைக்கும் கடற்கரை வழிக்குத் தொகாய்டோ என்று பெயர், அதில் 53 தங்கல்கள். கடற்கரையில் நடப்பது சுலபம்தான், ஆனால் ஆறு பெருகினால் வெள்ளம் வடியும்வரை கரையிலேயே நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். மலைவழியில் மூச்சு வாங்கினாலும் அந்தக் காத்திருப்பு குறைவு. எடோவுக்கு மருமகளாகப் போன அரசகுலப் பெண்களை இந்த வழியாகத்தான் அழைத்துச் சென்றார்கள். 1861இல் பேரரசரின் தங்கை கசுனோமியா, தொகுகாவா ஆட்சித் தலைவரான ஷோகுனை மணக்கப் பல்லாயிரம் பேர் சூழக் கிசோவைக் கடந்து போனார்.

பள்ளத்தாக்குக்குள் மட்டும் 11 தங்கல்கள். சுமாகோ எடோவிலிருந்து 42ஆவது, அதற்கடுத்த மாகோமே 43ஆவது. தங்கல் ஊர் என்றதும் விடுதிகளும் விளக்குகளும் கண்ணில் விரியும். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது தீராத ஊழியம். அரசுச் சுமைகளை அடுத்த தங்கல்வரை கொண்டு சேர்க்க ஒவ்வொரு ஊரும் ஆளும் குதிரையும் எந்நேரமும் தயாராக வைத்திருக்க வேண்டும். நாகசெண்டோவில் பொதுவாக 50 ஆள், 50 குதிரை என்பது கணக்கு. கிசோ ஊர்களுக்கு அதில் பாதி, 25க்கு 25. பெரிய ஊர்வலம் வந்து கைவசம் இருப்பது போதாவிட்டால் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆட்களை இழுத்து வருவார்கள். நடவு நேரம், அறுவடை நேரம் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

அந்த உழைப்பின் தடயம் இன்றும் வழியோரம் நிற்கிறது. நடக்கும்போது முழங்கால் உயரத்துக்குப் பாசி படர்ந்த கற்கள் தென்படும். அருகில் குனிந்து பார்த்தால் கன்னோன் தேவியின் உருவம். தலைக்கு மேல் கிரீடத்தின் இடத்தில் சிறியதாக ஒரு குதிரைத் தலை. சுமை சுமந்து இறந்துபோன குதிரைகளுக்காக எழுப்பிய நடுகற்கள் இவை. முகம் தேய்ந்து போயிருந்தாலும் குதிரையின் காதுகள் இரண்டும் தெரியும். அந்தப் பகுதியின் கிசோ குதிரை குட்டையானது, உறுதியான காலுடையது, செங்குத்தான பாதைக்குப் பழகியது. ஓர் இனமே இந்த வழிக்காக உழைத்திருக்கிறது.

கிசோவின் இன்னொரு கதை மரம். ஹினோகி என்னும் சைப்ரஸ் வகை இங்கே விளைகிறது. நேராக வளரும், இழை மென்மையாக இருக்கும், எளிதில் மக்காது, நல்ல மணம். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எடுத்துக் கட்டும் இசே ஆலயத்துக்கு இங்கிருந்து மரம் போவது நெடுங்கால வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் கோட்டைகளுக்கும் வளரும் நகரங்களுக்கும் வெட்டி வெட்டிக் காடு மொட்டையானது. பள்ளத்தாக்கை ஆண்ட ஓவாரி அரசு விழித்துக்கொண்டு, ஹினோகியையும் இன்னும் நான்கு மரவகைகளையும் வெட்டக் கூடாதென்று தடை போட்டது. ஒரு மரத்துக்கு ஒரு தலை என்பது அந்தக் காலத்தில் கிசோவில் வழங்கிய பேச்சு. காடு பிழைத்தது, காட்டோரத்து ஏழைக்கு அது பூட்டிய வீடானது. ஆட்சி மாறி மெய்ஜி அரசு வந்தபின் காடு திரும்பக் கிடைக்கும் என்று நம்பினார்கள். அதுவும் பேரரசருடைய காடாகிப் போனது.

இந்த ஏமாற்றத்தை நாவலாக்கியவர் ஷிமசாகி தோசோன். 1872இல் மாகோமேயில் பிறந்தவர். பிரபுக்கள் இறங்கும் தலைமை விடுதியான ஹோன்ஜினை நடத்திய குடும்பம் அவருடையது. சுமாகோவின் ஹோன்ஜின் அவருடைய தாய் பிறந்த வீடு. 1929 முதல் 1935 வரை வெளிவந்த அவருடைய ‘விடியலுக்கு முன்’ நாவலின் நாயகனுக்குத் தந்தையே மாதிரி. ஊருக்காகக் காட்டுரிமை கேட்டு மனுப் போட்டுத் தோற்று, கடைசியில் மனம் பிறழ்ந்து சாகும் மனிதன். நடக்கப் போகிறவர்கள் முடிந்தால் இந்த நாவலைப் படித்துவிட்டுப் போகலாம். வழி அப்போது வேறாகத் தெரியும்.

மெய்ஜி காலத்தில் தங்கல் முறை ஒழிந்தது. 1911இல் கிசோ பள்ளத்தாக்கு ரயில்பாதை முழுமையடைந்தபோது அது ஆற்றை ஒட்டிப் போனது. பக்கவாட்டில் சற்றே உள்வாங்கி, கிளையாறான அராராகியின் கரையில் இருந்த சுமாகோவை அது தொடவேயில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி நிலையம். வழியால் பிழைத்த ஊருக்கு வழியே இல்லாமல் போனது. இடித்துக் கட்டக் காசில்லாததால் பழைய வீடுகள் அப்படியே நின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகரங்களில் ஆலைகள் பெருகின. இளைஞர்கள் கிளம்பிப் போனார்கள். 1960களில் ஓட்டை விழுந்த கூரைகளும் பூட்டிய கதவுகளுமாக ஊர் காலியாகிக்கொண்டிருந்தது.

வறுமைதான் சுமாகோவைக் காப்பாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. வறுமையில் வீடு நிற்கும். ஆனால் இருபது மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் எந்த மரவீடும் தானாகவே விழுந்துவிடும். கிசோவிலும் ஜப்பானின் மற்ற மலைகளிலும் அப்படி மறைந்த ஊர்கள் எத்தனையோ. சுமாகோவைக் காப்பாற்றியது ஊர்க்காரர்கள் கூடி எடுத்த முடிவு.

1968இல், மெய்ஜி ஆட்சி தொடங்கிய நூற்றாண்டு நிறைவை ஒட்டி மாகாண அரசின் உதவியோடு சீரமைப்பு தொடங்கியது. தெராஷிதா என்னும் தெருப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளைப் பழைய முறைப்படியே செப்பனிட்டார்கள். அதே ஆண்டில் ஊரார் எல்லோரும் சேர்ந்து ‘சுமாகோவை நேசிப்போர் சங்கம்’ அமைத்தார்கள். 1971இல் ஊர்ச் சாசனம் ஒன்றும் எழுதினார்கள். அதன் சாரம் மூன்றே கட்டளைகள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. அப்போது ஜப்பானில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது. வெளியூர் முதலாளிகள் இதுபோன்ற இடங்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கையில் காசில்லாத ஒரு மலையூர் அந்த நேரத்தில் இப்படி எழுதி வைத்தது பெரிய துணிச்சல் என்றே நினைக்கிறேன். பழைய தெருக்களையும் ஊர்களையும் மொத்தமாகப் பாதுகாக்க 1975இல் தேசியச் சட்டம் திருத்தப்பட்டது. மறு ஆண்டு அறிவித்த முதல் பட்டியலிலேயே சுமாகோ இடம்பெற்றது.

தெருவை மட்டும் காத்திருந்தால் அது ஒரு காட்சிப்பொருளாக முடிந்திருக்கும். பாதுகாக்கப்பட்ட பரப்பு சுமார் 1,245 ஹெக்டேர். சுற்றியுள்ள மலைச்சரிவு, சிற்றூர்கள், பழைய வழி எல்லாம் அதற்குள் அடங்கும். வீட்டு முகப்பில் ஒரு மாற்றம் செய்வதென்றாலும் ஊராரின் குழுவிடம் கேட்க வேண்டும். மின்கம்பிகள் வீடுகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டன. பகலில் காலை 10 முதல் மாலை 4 வரை தெருவுக்குள் வண்டிக்கு அனுமதியில்லை. பலகைக் கூரைகளின் மேல் காற்றுக்குப் பறக்காமலிருக்க ஆற்றுக்கல் வைக்கும் பழைய வழக்கத்தை இப்போதும் பார்க்கலாம். தெரு ஓரிடத்தில் சட்டென்று இருமுறை மடங்கித் திரும்பும். எதிரிப்படை ஒரே ஓட்டமாக உள்ளே புகாதபடி அன்று போட்ட மடக்கு அது.

நடைக்கு வருவோம். மாகோமேயிலிருந்து சுமாகோவுக்கு எட்டு கிலோமீட்டர், நிதானமாக மூன்று மணி நேரம். மாகோமே சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணவாய் 800 மீட்டரை ஒட்டி. அங்கிருந்து சுமாகோவின் 420 மீட்டருக்கு இறக்கம். அதனால் மாகோமேயில் தொடங்குவதே முழங்காலுக்கு நல்லது. கல் பாவிய செங்குத்துத் தெருவில் நீர்ச்சக்கரமும் கடைகளுமாக மாகோமே பளிச்சென்று இருக்கும். 1895லும் 1915லும் தீப்பிடித்து எரிந்த ஊர் அது. இன்று நிற்கும் வீடுகள் பெரும்பாலும் பிறகு எழுந்தவை. 2005இல் ஊரார் மாகாணமே மாறி கிஃபுவோடு இணைந்துகொண்டார்கள். ஆக, இந்த நடையில் ஒரு மாகாண எல்லையையும் கடக்கிறோம்.

கணவாய் தாண்டியதும் சீடார், ஹினோகி மரங்களின் நிழல். வழியில் ஆங்காங்கே கம்பத்தில் வெண்கல மணி தொங்குகிறது. பக்கத்திலேயே அறிவிப்பு: கரடி நடமாட்டம் உண்டு, பலமாக அடியுங்கள். மனிதர் வருவது தெரிந்தால் கரடி விலகிப் போய்விடும். முன்னால் போகிறவர் அடிக்கும் மணி மரங்களுக்கிடையே கேட்பது நல்ல துணை. பாதி வழியில் பழைய இளைப்பாறும் வீடு ஒன்று வரும். கூரைக்கு அடியில் புகை ஏறிக் கறுத்த உத்திரங்கள், நடுவில் கணப்பு, அதன்மேல் கொதிக்கும் கெண்டி. உள்ளூர்த் தொண்டர்கள் தேநீர் ஊற்றித் தருவார்கள், விலை கேட்க மாட்டார்கள். விரும்பினால் உண்டியலில் போடலாம். அதற்கும் கீழே ஆண் அருவி, பெண் அருவி என்று பெயர் கொண்ட இரட்டை அருவிகள்.

சுமாகோவுக்குள் ஒரே ஒரு வீட்டைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் ஒகுயாவைப் பாருங்கள். ஹோன்ஜினுக்கு அடுத்த நிலை விடுதி. மரத்தடை நீங்கியபின் 1877இல் முழுக்க ஹினோகியால் திரும்பக் கட்டினார்கள். அதுவரை வெட்டவே கூடாத மரம். அதைக் கொண்டே தூணும் தரையும் செய்துகொண்ட மகிழ்ச்சி அந்தக் கட்டுமானத்தில் தெரிகிறது. 1880இல் மெய்ஜி பேரரசர் இங்கே இளைப்பாறினார். கூடத்தில் இன்றும் நாள்தோறும் அடுப்பு மூட்டுகிறார்கள். புகை கூரைவரை ஏறி மரத்தைப் பூச்சியிலிருந்து காக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் உயரத்திலுள்ள சட்டமிட்ட சாளரம் வழியாக ஒளி சாய்ந்து விழும். புகையில் பட்டு ஒவ்வொரு கற்றையும் தனித்தனியாகத் தெரியும்.

இன்னும் நடக்கத் தெம்பிருப்பவர்களுக்கு வடக்கே தொரீ கணவாய் இருக்கிறது. நராய் ஊருக்கும் யாபுஹாராவுக்கும் இடையே சுமார் 1,200 மீட்டர் உயரம். நராய்ப் பக்கம் விழும் மழை வடக்கே ஓடி ஜப்பான் கடலில் சேர்கிறது. யாபுஹாராப் பக்கம் விழுவது கிசோ ஆற்றோடு பசிபிக் கரைக்குப் போகிறது. மலையேற்றம் சுமாகோ வழியைவிடக் கடினம், கூட்டம் மிகக் குறைவு.

சாப்பாட்டில் கோஹெய் மொச்சியைத் தவற விடக் கூடாது. சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, வால்நட்டும் மீசோ என்னும் சோயா விழுதும் கலந்த சாந்து தடவித் தணலில் வாட்டுவார்கள். குளிர்காலத்தில் சுன்கி கிடைக்கும்: சிவப்பு டர்னிப் கீரையை உப்பே போடாமல் புளிக்க வைத்த ஊறுகாய். கடலிலிருந்து வெகுதூரம், உப்பு விலை அதிகம்; அதனால் வந்த பக்குவம்.

சுமாகோ சேர்ந்த நாகிசோ நகராட்சியில் இப்போது ஏறத்தாழ 4,000 பேர்தான். முதியவர்களே மிகுதி. விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்றால் அந்த வீட்டில் வாழ வாரிசு வேண்டும். 1971இல் ஊரைக் காத்த கட்டளையே இன்று சில வீடுகளின் கதவைப் பூட்டிவைக்கும் நிலை வரலாம். சாசனத்தைத் தளர்த்தினால் கடைக்காரர்கள் வருவார்கள், தளர்த்தாவிட்டால் ஆளே இருக்க மாட்டார்கள். எனக்குத் தளர்த்துவதில் சம்மதமில்லை. ஆனால் அங்கே போய்க் குடியிருக்கப் போவது நானில்லை என்பதால் அதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

போக விரும்புகிறவர்கள் நகோயாவிலிருந்து விரைவு ரயிலில் நாகாட்சுகாவா வந்து, அங்கிருந்து மாகோமேக்குப் பேருந்து பிடிக்கலாம். நடைப் பருவத்தில் மூட்டையை மாகோமே தகவல் நிலையத்தில் காலையில் கொடுத்தால், சிறு கட்டணத்தில் மாலைக்குள் சுமாகோ தகவல் நிலையத்துக்கு வந்து சேரும். ஜூன் கடைசியும் ஜூலை தொடக்கமும் மழை. இலைகள் சிவக்கும் அக்டோபர் இறுதியும் நவம்பரும் நல்ல காலம். நவம்பர் 23 அன்று ஊரார் பழைய பயணிகளைப் போல உடையணிந்து தெருவில் ஊர்வலம் போவார்கள். இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் பழைய வழியிலேயே நாகிசோ நிலையம்வரை நடந்தால் ஒரு மணி நேரம். நிலையத்தருகே கிசோ ஆற்றின் மேல், நீர்மின் நிலைய வேலைக்காக 1922இல் கட்டிய 247 மீட்டர் நீள மொமொசுகே தொங்குபாலம் இருக்கிறது. ரயிலுக்கு நேரமிருந்தால் அதன் மறுகரைவரை போய் வரலாம்.