சித்தப்பாவின் கையெழுத்து

எழுதி ரொம்ப நாளாச்சு. காரணம் சித்தப்பா. லிம்போமா. கீமோவுக்கு அப்புறம் ஒரு வருஷம் நல்லா இருந்தார், மறுபடி வந்துடுச்சு. 'கார் டி-செல்' சிகிச்சை பண்ணலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். "ஆபத்து உண்டான்னு படிச்சுச் சொல்லுடா"ன்னு சித்தி பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க.

ஒரு வாரமா அதே வேலை. நம்ம ரத்தத்துல இருக்கிற டி-செல்களைப் பிரிச்செடுத்து, புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டுபிடிக்கிற மரபணுவைச் சேர்த்து, ஆய்வகத்தில் பெருக்கி, திரும்ப ஏத்துறாங்க. மாத்திரைன்னா நிறுத்திடலாம். இது உயிருள்ள மருந்து. உள்ளே போய்த் தானே பெருகும். போதும்னா கேட்காது. அதோட பலமும் அதுதான், பயமும் அதுதான்.

2012-ல் பிலடெல்பியாவில் எமிலி ஒயிட்ஹெட்ங்கிற ஆறு வயசுக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்க்காக இதைக் கொடுத்தாங்க. செல்கள் சண்டை போட்ட வேகத்துல கடும் காய்ச்சல், வென்டிலேட்டர். பிழைக்காதுன்னு நினைச்ச நேரத்துல, ரத்தத்துல இன்டர்லூகின்-6 எக்கச்சக்கமா ஏறியிருப்பது தெரிஞ்சது. அதை அடக்குற மூட்டுவாத மருந்து ஒண்ணு, டோசிலிசுமாப், ஆராய்ச்சியாளர் கார்ல் ஜூனுக்குத் தெரியும். எப்படி? அவர் மகளுக்கே மூட்டுவாதம்! கொடுத்தாங்க. குழந்தை ஏழாவது பிறந்தநாளன்னிக்குக் கண் முழிச்சது.

எல்லாக் கதையும் இப்படி முடியலை. மேஜ்-ஏ3 என்ற புரதத்தைக் குறிவைச்சு மாற்றின டி-செல்கள், இதயத் தசையில் இருக்கிற டைட்டினையும் எதிரின்னு நினைச்சுத் தாக்கி, ரெண்டு பேர் இறந்துபோனாங்க. 2013-ல் அந்த ஆய்வு வெளியாச்சு. சித்தப்பாவுக்குச் சொல்ற சிகிச்சையின் குறி வேற, சிடி-19. ஆனா அது நல்ல பி-செல்களிலும் இருக்கு. அதுவும் அழியும், தொற்று சுலபமா வரும். அபூர்வமா டி-செல்லே புற்றாகலாம்னு 2024-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை போடச் சொல்லிடுச்சு.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது இன்னொண்ணு. மூளை குழம்பலாம். பெரும்பாலும் சரியாகிடும், ஆனா சீக்கிரம் கண்டுபிடிக்கணும். அதுக்காக 100-லிருந்து பத்துப் பத்தா இறங்கி எண்ணச் சொல்வாங்க. தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வாங்க. கையெழுத்து கோணினா உஷார்.

சித்தப்பா முப்பது வருஷம் பத்திரம் எழுதினவர். முத்து முத்தா இருக்கும். அந்த எழுத்து கோணுமான்னு பார்த்துட்டு நான் பக்கத்துல உட்காரணும்.

நேத்து எல்லாத்தையும் மறைக்காம சொன்னேன். கேட்டுட்டு, "சும்மா இருந்தா மட்டும் இது விட்டுடுமா? பண்ணிக்கலாம்"னார்.

"தினமும் என்ன வாக்கியம் எழுதுவீங்க?"

"'பூரண சுயநினைவோடு எழுதிக்கொடுத்தது'ன்னு எழுதிடறேன்" என்று சிரிச்சார். சித்தி எழுந்து சமையலறைக்குப் போயிட்டாங்க.

அடுத்த மாசம் அட்மிஷன். இதை நேர்ல பார்த்த அனுபவம் யாருக்காவது இருந்தா சொல்லுங்க மக்களே.