அடையாற்றில் ஓர் அமானிதம்

அரபு மொழியில் நண்டுக்குச் 'சரதான்' என்று பெயர். வானத்துக் கடக ராசிக்கும் அதுவே பெயர். மனித உடலில் வேரோடிப் படர்ந்து உயிரைக் கவ்வும் கொடிய நோய் ஒன்றுக்கும் அதுவே பெயர். பண்டைய யவன மருத்துவர்கள் அந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டார்கள். அரபு மருத்துவர்கள் அப்பெயரைத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். நம் தமிழோ நண்டை விட்டுப் புற்றைப் பிடித்துக்கொண்டது. பெயர் பொருத்தமானதே. கரையான் புற்று மண்ணுக்கு மேல் தலைகாட்டும்போது, மண்ணுக்குள்ளே அதன் வேலை நெடுநாள் நடந்து முடிந்திருக்கும்.

முப்பது ஆண்டுகளாக அரபும் தமிழும் கற்பித்துவரும் நாம், இச்சொற்களின் வரலாற்றை மாணவர்களுக்குச் சுவைபட எடுத்துரைத்ததுண்டு. 'இலஞ்சம் சமுதாயத்தைப் பற்றிய புற்றுநோய்' என்று மேடையில் உவமை கூறிக் கைதட்டல் பெற்றதும் உண்டு. அந்நோய் நம் வீட்டு வாசற்படியை மிதித்த நாளில்தான், சொல்லை அறிவது வேறு, பொருளை அறிவது வேறு என்பது விளங்கிற்று. அன்று நமக்குப் பொருள் விளக்கிய பள்ளிக்கூடம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. அப்பள்ளிக்கூடத்தின் பேராசிரியை என்று நாம் மனத்தில் வரித்துக்கொண்டவர், 2021 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19 ஆம் நாள், தமது 93 ஆவது வயதில் மறைந்த டாக்டர் வி. சாந்தா அம்மையார். அவரோடு நேரில் பேசும் பேறு நமக்குக் கிட்டியதில்லை. எனினும் அவருக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. அதை எழுதிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1994 ஆம் ஆண்டு. நாம் சனது பெற்று வெளிவந்து, ஆசிரியப் பணியில் அமர்ந்திருந்த புதிது. நம் லாத்தாவுக்கு அப்போது 36 வயது. மச்சான் சபரில் இருந்தார். லாத்தா தம் மார்பில் ஒரு சிறு கட்டி இருப்பதை உணர்ந்தார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. யாரிடம் சொல்வது? ஏழு மாதங்கள் எவரிடமும் சொல்லவில்லை. பிறகு உம்மாவிடம் சொன்னார். உம்மா ஒருநாள் இரவு, அடுப்படி வாசலில் நின்று, பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு நம்மிடம் சொன்னார். ஆண் மருத்துவர் பார்ப்பாரோ என்ற கூச்சம் ஒருபுறம். 'அந்த நோய்' என்று ஊரார் பேசினால் வீட்டுப் பெண்பிள்ளைக்கு நாளை சம்பந்தம் வருமா என்ற அச்சம் மறுபுறம்.

அந்த வீட்டில் அன்றைக்குப் படித்தவர் நாம் ஒருவரே. உம்மாவும் லாத்தாவும் நம் வாயைத்தான் பார்த்தார்கள். நாம் என்ன சொன்னோம்? 'கொஞ்சம் சபூர் செய்வோம்' என்றோம். களிம்பு வாங்கிக் கொடுத்தோம். கஷாயம் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னோம். இன்னும் நான்கு மாதங்கள் கழிந்தன. கட்டி கல்லாயிற்று, அக்குளிலும் நெறி கட்டிற்று. அதன் பிறகே அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம்.

பரிசோதித்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். 'எத்தனை நாளாக இருக்கிறது?' என்று கேட்டார். 'பதினொரு மாதம்' என்றார் லாத்தா. மருத்துவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். ஏன் முன்னமே வரவில்லை என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தத் தாளில் விழுந்த 11 என்ற எண்ணை இன்றளவும் நம்மால் மறக்க இயலவில்லை. அதில் ஏழு லாத்தாவின் கூச்சத்துக்கு உரியது. நான்கு நமக்கு உரியது.

சிகிச்சைக்காக அங்கே காத்துக் கிடந்த நாட்களில்தான் அந்நிலையத்தின் வரலாற்றைச் சிறிது சிறிதாகக் கேட்டறிந்தோம். பின்னர்த் தேடிப் படித்தும் தெளிந்தோம். அதன் அடித்தளத்திலும் ஒரு சகோதரியின் மரணம் இருக்கக் கண்டு திடுக்கிட்டோம்.

புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி அம்மையார். 1927 இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதற் பெண்மணியும் அவரே. அவருடைய தங்கை சுந்தராம்பாள் இளவயதிலேயே புற்றுநோய்க்கு இரையானார். மருத்துவராகிய தமக்கையால் அருகிருந்து பார்க்க முடிந்ததே தவிர, காக்க முடியவில்லை. இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை எழுப்ப வேண்டும் என்ற உறுதி அந்தத் துயரில் பிறந்தது. புற்றுநோய் என்றால் சாவு என்று படித்தவர்களே நம்பியிருந்த காலம் அது. பயனற்ற முயற்சி என்று பலர் கருதிய பணிக்கு அம்மையார் பல ஆண்டுகள் பாடுபட்டார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். 1952 இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 இல் 12 படுக்கைகளோடு நிலையம் திறக்கப்பட்டது. வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவம் பயின்று திரும்பிய அவர் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார்.

அவரிடம் மாணவியாகவும் துணைவராகவும் வந்து சேர்ந்தவரே சாந்தா அம்மையார். 1927 மார்ச் 11 அன்று மயிலாப்பூரில் பிறந்தவர். விஞ்ஞான மேதை சி.வி. இராமன் அவர் பாட்டனாரின் இளவல். வானியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் அவருடைய தாய்மாமன். நோபல் பரிசு இரு முறை நுழைந்த குடும்பம். 1949 இல் மருத்துவப் பட்டமும், 1955 இல் மகப்பேற்று மருத்துவத்தில் உயர்பட்டமும் பெற்றார். அரசுத் தேர்வில் தேறி, பெண்கள் மருத்துவமனையில் நிலையான பணியும் அவருக்காகக் காத்திருந்தது. பெண் மருத்துவர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றே நாடு நினைத்திருந்த நாளில், அவர் அந்தப் பணியை ஒதுக்கிவிட்டு, 12 படுக்கைகளே இருந்த அந்தச் சிறு கட்டடத்துக்குப் போனார். பிறப்பின் வாசலில் நின்று மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர், மரணத்தின் வாசலில் நின்று அதனோடு வழக்காடச் சென்றார் என்றே சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் ஊதியம் இல்லை. பின்னர் மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே ஓர் உறைவிடமும் கிடைத்தன. மணம் புரிந்துகொள்ளவில்லை. 1955 இல் அவ்வளாகத்துள் புகுந்தவர், ஏறத்தாழ 66 ஆண்டுகள், இறுதி வரை, அதையே தம் இல்லமாகக் கொண்டார்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்குச் 'சனது' என்ற சொல்லின் கனம் தெரியும். அது வெறும் சான்றிதழன்று. இன்னாரிடம் இன்னார் கற்றார், அவரிடம் இன்னார் கற்றார் என்று கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்ட சங்கிலி அது. இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் கல்வி நம் கைக்கு வந்து சேராது. ஆகையால் ஒவ்வோர் உஸ்தாதும் தாம் பெற்றதைத் தமக்குரிய சொத்தாகக் கருதாமல், அடுத்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டிய அமானிதமாகவே கருதுவார். அடையாற்றில் நாம் கண்டது அத்தகைய ஒரு சனதையே. முத்துலட்சுமி அம்மையாரின் துயரம் மகன் கிருஷ்ணமூர்த்தியிடம் மருத்துவமாயிற்று; ஆசிரியரின் மருத்துவம் மாணவி சாந்தாவிடம் நிறுவனமாயிற்று. 1968 இல் முத்துலட்சுமி அம்மையார் மறைந்தார். 2010 இல் கிருஷ்ணமூர்த்தியும் மறைந்தார். சங்கிலி அறவில்லை. ஆசிரியர் உயிரோடிருந்த நாளெல்லாம் அவரை முன்னிறுத்தித் தாம் பின்னின்றவர் சாந்தா அம்மையார் என்பதை அவரை அறிந்தோர் அனைவரும் அறிவர்.

அந்த அமானிதத்தை அவர் எவ்வாறு காத்தார்? ஆசிரியரோடு சேர்ந்து, வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சையும் மருந்தையும் இணைத்துத் தரும் முறையை ஆராய்ந்தார். புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்பதை நாட்டில் முதன்முதலாக உணர்ந்து செயற்பட்டவர்களுள் அவரும் ஒருவர். 1984 இல், இத்துறையில் உயர்சிறப்புப் பட்டப் படிப்பு இந்தியாவிலேயே முதன்முதலாக அங்கே தொடங்கிற்று. அங்கே பயின்றவர்கள் இன்று பல மாநிலங்களில் மருத்துவம் பார்க்கிறார்கள். 1980 களின் தொடக்கத்தில் சென்னை மாநகரின் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்துப் பதியும் பதிவேடும் உருவாயிற்று. எந்த நோய் பெருகுகிறது, எது குறைகிறது என்று ஊகத்தால் அன்றி எண்ணால் பேச முடிந்தது அதனால்தான். ஒரு காலத்தில் சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்ததையும், பின்னர் அது குறைந்து மார்பகப் புற்று முந்தியதையும் அப்பதிவேடு காட்டிற்று. வெளிநாட்டு மருந்துகளுக்குச் சுங்கவரி விலக்கு வேண்டும், நோயாளிகளுக்கு இரயில் கட்டணச் சலுகை வேண்டும் என்று அரசிடம் விடாது வாதாடினார்கள். புகையிலையை எதிர்த்துப் பேசுவதில் அம்மையார் ஓய்ந்ததே இல்லை. 1986 இல் பத்மஸ்ரீ, 2005 இல் மகசேசே விருது, 2006 இல் பத்மபூஷண், 2016 இல் பத்மவிபூஷண் என்று விருதுகள் தேடிவந்தன. அவரோ அதே வளாகத்தில், அதே நோயாளிகளிடையே இருந்தார்.

பணம் உள்ளவருக்கு ஒரு மருத்துவம், இல்லாதவருக்கு வேறொரு மருத்துவம் என்ற பேதம் அங்கே கூடாது என்பது அந்நிலையத்தாரின் கொள்கை. அதை நாம் கண்ணால் கண்டோம். லாத்தாவின் பக்கத்துப் படுக்கையில் கூலி வேலை செய்யும் தெலுங்குப் பெண்மணி ஒருவர் இருந்தார். நாம் செலுத்தியது சிறிதளவு. அவர் செலுத்தியது ஒன்றுமில்லை. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே கதிர்வீச்சு, ஒரே வரிசை. மொழி தெரியாத அவ்விருவரும் மாலை நேரத்தில் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்பார்கள்.

லாத்தா இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த இரண்டு ஆண்டுகளும் அந்நிலையத்தார் தந்த கொடை. அதற்குள் மச்சான் ஊர் திரும்பினார். மகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தார் லாத்தா, தைக்கக் கற்றுக்கொடுத்தார், தமக்கு வந்த நோயின் பெயரையும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். 1996 இல் மறைந்தார். அப்போது மகளுக்கு வயது பத்து.

அதன்பின் ஒருநாள், அரபு மருத்துவ நூல்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூசில், குர்துபா நகரருகே வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' என்னும் தம் பெருநூலில் சரதானைப் பற்றி எழுதிய பகுதியின் கருத்து கண்ணில் பட்டது. நோய் தொடக்க நிலையில், சிறிதாக, மார்பு போன்று முழுவதும் அகற்றத்தக்க இடத்தில் இருந்தால் அறுத்து அகற்றலாம். முற்றிப் பெருத்த பின் அதை அணுகலாகாது. அந்நிலையில் தாம் ஒருவரையும் குணப்படுத்தியதில்லை என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாம் நூலை மூடிவைத்தோம். அடையாற்று மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று சொன்னதும் இதே கருத்துத்தானே! 'முன்னதாக வாருங்கள், முற்றவிட்டு வராதீர்கள்.' அஸ்ஸஹ்ராவியின் பெயரை எத்தனையோ மேடைகளில் பெருமையோடு முழங்கிய நாம், அவர் சொன்னதைச் செய்யவில்லை. அவர் பெயரைக்கூட உச்சரிக்காத அடையாற்றுக்காரர்கள் செய்தார்கள். முன்னோரின் கல்விக்கு வாரிசு யார், வாசகர்களே? பெயரைச் சொல்பவரா, பணியைத் தொடர்பவரா?

சபூர் என்ற சொல்லுக்கும் நாம் தவறான பொருளையே கொண்டிருந்தோம். கையில் உள்ளதைச் செய்து முடித்த பின், வருவதைத் தாங்கிக்கொள்வதற்குப் பெயர் சபூர். செய்ய வேண்டியதைச் செய்யாமல் காத்திருப்பதற்குப் பெயர் தாமதம். ஒன்றன் போர்வையை மற்றொன்றுக்குப் போர்த்தினோம். அந்தப் போர்வைக்குள் நான்கு மாதங்கள் ஒளிந்துகொண்டன.

2016 ஆம் ஆண்டில் ஒருநாள், லாத்தாவின் மகள் தம் கைக்குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்தார். பகல் உணவு நேரம். வீட்டார் அனைவரும் இருந்தார்கள். தட்டை நகர்த்திவைத்துவிட்டு, எல்லோரும் கேட்கும்படி, 'மாமா, மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. மூன்று நாளாகிறது' என்றார். நம் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் வாய் எடுக்குமுன், அவரே சொன்னார்: 'சபூரைப் பிறகு செய்துகொள்ளலாம், மாமா. நாளைக் காலை வண்டிக்கு என்னோடு வாருங்கள்.'

மறுநாள் மாலையே அடையாற்றில் இருந்தோம். 'எத்தனை நாளாக இருக்கிறது?' என்று அங்கே மீண்டும் கேட்டார்கள். 'ஐந்து நாள்' என்று மருமகள் கணக்காகச் சொன்னார். கட்டி சிறிது, அதே நோய்தான், ஆயினும் பரவவில்லை. அறுவையும் மருந்தும் கதிர்வீச்சுமாக ஓராண்டு அலைந்தோம். இன்று அவர் நலமாக இருக்கிறார். அன்றைய கைக்குழந்தை பள்ளிக்குச் செல்கிறான். முன்னதாக வந்தோர் எல்லோரும் பிழைத்துவிடுவர் என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை; மருத்துவர்களும் அவ்வாறு சொல்வதில்லை. ஆயினும் ஒரே குடும்பத்தில், ஒரே நோயில், ஒரே மருத்துவமனையில், பதினொரு மாதத்துக்கும் ஐந்து நாளுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கண்டிருக்கிறோம். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மருத்துவம் வளர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். அம்மருத்துவம் வளர்வதற்கு அந்த வளாகத்தில் ஓர் அம்மையார் தம் வாழ்நாளையே கொடுத்திருந்தார்.

சாந்தா அம்மையார் மறைந்தபோது அரசு மரியாதையோடு அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. செய்தியைப் படித்துவிட்டு வகுப்புக்குச் சென்றோம். அன்று பாடம் வேறு. எனினும் கரும்பலகையில் 'சரதான்' என்று எழுதினோம். பொருளைச் சொன்னோம், நண்டைச் சொன்னோம், புற்றைச் சொன்னோம். பிறகு இத்தனை ஆண்டுகளாக மாணவரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னோம்: லாத்தாவின் கதையை, அந்த நான்கு மாதங்களை. வகுப்பு நிசப்தமாயிற்று. மணி அடித்த பின் ஒரு மாணவன் மட்டும் தயங்கி நின்று, 'உஸ்தாத், எங்கள் உம்மாவுக்கு…' என்று தொடங்கினான். அவனை உட்காரவைத்து முழுவதும் கேட்டோம். அடையாற்றுக்குச் செல்லும் வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்.

அன்று முதல் ஆண்டுதோறும் அந்தச் சொல்லை அதே முறையில் கற்பித்து வருகிறோம். ஆனால் 'சமுதாயத்தைப் பற்றிய புற்றுநோய்' என்ற பழைய உவமையை மட்டும் நாம் இப்போது எந்த மேடையிலும் சொல்வதில்லை. கேட்டிருப்போரில் எவரேனும் ஒருவர், எவரிடமும் சொல்லாத ஒரு கட்டியோடு அமர்ந்திருக்கக்கூடும். அவரை மேலும் அச்சுறுத்த நமக்கு உரிமை இல்லை.